‘கோ’ எப்படி ‘வென்ட்’ ஆனது? ஆங்கில இறந்தகாலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. கடைக் கணக்குப் பார்ப்பவர், நர்ஸ், வேலை தேடும் பட்டதாரி, பேரனோடு ஆங்கிலத்தில் பேச ஆசைப்படும் பாட்டி என்று பலரும் வருகிறார்கள். எல்லாரும் ஒரு கட்டத்தில் ஒரே கல்லில் இடறுகிறார்கள்: ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆகிறது, ‘டாக்’ என்பது ‘டாக்ட்’ ஆகிறது, ‘கோ’ மட்டும் ஏன் ‘வென்ட்’? அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பெல்லிங் முக்கியமான இடத்தில் எழுத்துகளின் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

ஒழுங்கற்ற வினை என்றால் என்ன?

ஆங்கிலத்தில் பெரும்பாலான வினைகளுக்கு ஈ-டி சேர்த்தால் இறந்தகாலம் வந்துவிடும். ‘ஹெல்ப்’ (உதவு) ‘ஹெல்ப்ட்’ ஆகும், ‘வான்ட்’ (வேண்டு) ‘வான்டட்’ ஆகும். நேற்றுப் பிறந்த சொல்லுக்கும் இதே கதைதான். ‘கூகுள்’ என்ற பெயர் வினையானதும் யாரையும் கேட்காமலே ‘கூகுள்ட்’ ஆகிவிட்டது. இந்த ஈ-டிக்குக் கட்டுப்படாதவை ஒழுங்கற்ற வினைகள். அரிதானவற்றையும் சேர்த்தால் சுமார் 200 தேறும். தினமும் வாயில் புழங்குபவை அதில் பாதிகூட இருக்காது.

சிக்கல் என்னவென்றால், அந்தப் பாதிக்குள்தான் முக்கியமானவை எல்லாம் அடங்கியிருக்கின்றன. இரு, வைத்திரு, செய், சொல், உண்டாக்கு, போ, எடு, வா, பார், பெறு ஆகிய பத்துக்கும் உரிய ஆங்கில வினைகள்தான் அந்த மொழியில் மிக அதிகமாகப் புழங்குபவை. பத்தில் ஒன்றுகூட ஈ-டி விதிக்கு அடங்காது.

தமிழ் ஒழுங்காகத்தானே இருக்கிறது, ஆங்கிலம் மட்டும் ஏன் இப்படி?

யார் சொன்னது? வா, வந்தான். போ, போனான். நில், நின்றான். கேள், கேட்டான். கல், கற்றான். சா, செத்தான். எந்த விதியும் தெரியாமல் மூன்று வயதில் நாம் சொல்லத் தொடங்கிவிட்டதால் இது ஒழுங்காகத் தெரிகிறது. தமிழ் கற்க வரும் வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், அவர் சொல்வார் கதை.

பள்ளியில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதியது நினைவிருக்கிறதா? ‘வந்தான்’ என்பதைப் பிரித்து, ‘வா’ என்பது ‘வ’ எனக் குறுகியது விகாரம், ‘த்’ என்பது ‘ந்’ ஆனது விகாரம் என்று எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கினோமே, ‘கீப்’ (வைத்திரு) ‘கெப்ட்’ ஆவதும் அதே வேலைதான். நெடில் குறுகுகிறது, ஒரு ஒற்று வந்து சேர்கிறது. ‘விடு’ என்பது ‘விட்டான்’ ஆகும்போது தனியாக இடைநிலை எதுவும் வராமல் பகுதியே ஒற்று இரட்டித்துக் காலம் காட்டுகிறது. ‘சிங்’ (பாடு) ‘சேங்’ ஆகும்போதும் வெளியிலிருந்து எதுவும் வந்து ஒட்டுவதில்லை, உள்ளே இருக்கும் ஒலியே மாறிக் காலம் காட்டுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் புரட்டினால் வினைச்சொல்லை அடுத்து ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்த வினை காலம் காட்டும் வகையின் எண் அது. ‘படி-தல்’ 4, ‘படி-த்தல்’ 11. தூசி படிந்தது, பையன் படித்தான். ‘படி’ ஒன்றுதான், இறந்தகாலம் இரண்டு. நாமே இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தைக் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த ஒழுங்கின்மை எங்கிருந்து வந்தது?

அது ஒரு காலத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இறந்தகாலத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சொல்லின் உயிரொலியை மாற்றுவது. இப்படி மாறிய வினைகள் 300க்கு மேல் இருந்தன. இலக்கணக்காரர்கள் அவற்றை ஏழு வகையாகப் பிரித்து ‘வலிய வினைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, கடைசியில் ‘ட்’ ஒலி சேர்ப்பது, அதாவது இன்றைய ஈ-டியின் மூதாதை. ஜெர்மனும் இதே குடும்பம்தான். அங்கேயும் ‘பாடு’ என்பதற்கு ‘ஸிங்கன், ஸாங், கெஸுங்கன்’ என்றுதான் வரும்.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. புதிதாக வந்த வினைகள் அநேகமாக எல்லாமே சுலபமான வழியைப் பிடித்துக்கொண்டன. பழையவற்றிலும் பல மெல்ல இந்தப் பக்கம் சாய்ந்தன. ‘ஹெல்ப்’ என்பதன் பழைய இறந்தகாலம் ‘ஹோல்ப்’. 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் அதன் மூன்றாம் வடிவமான (‘ஹேவ்’ துணையோடு வரும் வடிவம்) ‘ஹோல்பன்’ இன்னும் இருக்கிறது. ‘வர்க்’ (வேலை செய்) என்பதற்கு ‘ராட்’ என்று ஒரு வடிவம் இருந்தது. 1844 மே 24 அன்று சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பிய புகழ்பெற்ற தந்தியில், ‘கடவுள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்’ என்ற பைபிள் வரியில், அந்தச் சொல்தான் வருகிறது. இன்று அது ‘ராட் அயன்’, அதாவது நம் பாடப்புத்தகத்துத் தேனிரும்பு, போன்ற சில இடங்களில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம்மிடமும் இப்படி நடந்திருக்கிறது. பழம்பாட்டில் ‘புக்கான்’ என்று வரும். இன்று நாம் ‘புகுந்தான்’ என்கிறோம். ‘புக்கான்’ நம்முடைய ‘ஹோல்ப்’.

அப்படியானால் ‘வென்ட்’, ‘கேம்’ எல்லாம் ஏன் மாறாமல் நிற்கின்றன?

தினமும் புழங்குவதால்தான். மூலையில் கிடக்கும் அருவாள் துருப்பிடிக்கும், கையில் இருப்பது பிடிக்காது. 2007இல் எரெஸ் லீபர்மன் உள்ளிட்ட சிலர் ‘நேச்சர்’ இதழில் இதைக் கணக்குப் போட்டே காட்டினார்கள். பழைய ஆங்கிலத்து ஒழுங்கற்ற வினைகள் 177ஐ எடுத்து, அவை என்ன ஆயின என்று பின்தொடர்ந்தார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் 145 மிஞ்சின, இன்று 98. ஒரு வினை இன்னொன்றைவிட 100 மடங்கு குறைவாகப் புழங்கினால், அது 10 மடங்கு வேகமாக ஈ-டி பக்கம் போய்விடுகிறது.

படிப்பவருக்கு இதில் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கஷ்டமான வடிவங்கள் எல்லாம் அடிக்கடி காதில் விழுபவை. அரிய சொல் ஒன்றைப் பார்த்து இறந்தகாலம் தெரியாமல் விழித்தால், துணிந்து ஈ-டி போடுங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

சரி, ‘கோ’ ‘வென்ட்’ ஆன கதை?

‘வென்ட்’ என்பது ‘கோ’வின் பிள்ளை இல்லை, தத்து வந்தது. ‘வெண்ட்’ என்று வேறொரு வினை இருந்தது, அதற்கும் போகும் பொருள்தான். ‘செண்ட்’ (அனுப்பு) ‘சென்ட்’ ஆவதைப் போல அதன் இறந்தகாலம் ‘வென்ட்’. ‘கோ’வுக்குச் சொந்தமாக இருந்த பழைய இறந்தகாலம் வழக்கொழிந்துபோக, அந்த இடத்தில் ‘வென்ட்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

தமிழில் இப்படிக் கற்பனை செய்து பாருங்கள். ‘போனேன்’ என்ற சொல்லை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ‘நாளைக்குப் போவேன், தினமும் போகிறேன், நேற்றுச் சென்றேன்’ என்றுதான் சொல்கிறோம். நாலு தலைமுறை கழித்துப் படிக்கிற பையன் ‘போ என்பது எப்படிச் சென்றேன் ஆனது?’ என்று தலையைச் சொறிவான். அவ்வளவுதான் விஷயம். ‘பீ’ (இரு) என்ற வினைக்கு ‘வாஸ்’, ‘வேர்’ வருவதும் இப்படி வெவ்வேறு வேர்கள் ஒன்றாகக் குடியேறியதால்தான்.

முழுப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். அகர வரிசைப் பட்டியலைப் போல மோசமான வழி வேறு இல்லை என்பது என் கட்சி. அதில் ‘பிரிங்’ பக்கத்தில் ‘பில்ட்’ இருக்கும். இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. ஒரே மாதிரி மாறுபவற்றை ஒரே கூட்டமாக வைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். வாய்ப்பாடு சொன்ன நாக்கு நமக்கு, ராகம் பிடிபட்டால் விடாது. முக்கியமான கூட்டங்களை அடுத்த சில கேள்விகளில் பார்ப்போம்.

‘கட்’, ‘புட்’ மாறுவதே இல்லையே, எந்தக் காலம் என்று எப்படித் தெரியும்?

கட் (வெட்டு), புட் (வை), ஹிட் (அடி), ஷட் (மூடு), ஹர்ட் (வலி), லெட் (விடு), காஸ்ட் (விலையாகு), ஸ்ப்ரெட் (பரவு) ஆகியவை மூன்று காலத்துக்கும் ஒரே உருவம்தான். இவை எல்லாம் டி அல்லது டீ எழுத்தின் ஒலியில், அதாவது நம் காதுக்கு ‘ட்’ என்றே, முடிவதைக் கவனித்தீர்களா? சொல்லின் கடைசி ஒலியும் சேர வேண்டிய ‘ட்’டும் ஒன்றோடொன்று கரைந்துபோயின. அதற்காக ‘ட்’டில் முடிவதெல்லாம் இந்தக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், ‘வான்ட்’ ‘வான்டட்’தான்.

காலத்தைச் சுற்றியிருக்கும் சொற்கள் காட்டும். ‘ஹி புட் தி கீ ஆன் தி டேபிள்’ என்றால் சாவியை மேசைமேல் வைத்தான். ‘வைக்கிறான்’ என்றால் ‘புட்ஸ்’ என்று ‘ஸ்’ வந்திருக்க வேண்டும். வரவில்லையே, அப்படியானால் முடிந்துபோன காரியம். இல்லாத ‘ஸ்’ஸை வைத்துக் காலத்தைக் கண்டுபிடிப்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

‘ஸ்லீப்’ ஏன் ‘ஸ்லெப்ட்’? ‘ஸ்லீப்ட்’ ஆகக் கூடாதா?

தூங்கு என்ற ‘ஸ்லீப்’, ‘ஸ்லெப்ட்’. கீப், கெப்ட். வீப் (அழு), வெப்ட். ஸ்வீப் (பெருக்கு), ஸ்வெப்ட். ஃபீல் (உணர்), ஃபெல்ட். மீன் (பொருள்படு), மென்ட். லீவ் (விட்டுப் போ), லெஃப்ட். எல்லாவற்றிலும் ஈகாரம் எகரமாகிறது. இடைக்கால ஆங்கிலத்தில் அடுத்தடுத்து இரண்டு மெய்கள் வந்தால் முன்னால் இருந்த நெடில் குறுகிவிடும். ‘கெப்ட்’ இல் ‘ப்’பும் ‘ட்’டும் சேர்ந்து நிற்பதால் நெடில் குறுகியது. ‘கீப்’பில் அந்த நெருக்கடி இல்லை, நெடில் நின்றது. பிற்பாடு ஆங்கில நெடில்கள் எல்லாம் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது, ‘கேப்’ போல ஒலித்துக்கொண்டிருந்த அது ‘கீப்’ ஆயிற்று. குறில் மட்டும் இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

மீட் (சந்தி) மெட், ஃபீட் (ஊட்டு) ஃபெட், லீட் (நடத்து) லெட், பிளீட் (ரத்தம் வழி) பிளெட் ஆகியவையும் இவற்றின் பங்காளிகள். ஒரு எச்சரிக்கை: ‘லெட்’ (நடத்தினார்) என்பதன் ஸ்பெல்லிங் எல்-ஈ-டி மட்டுமே. நடுவில் ஏ போட்டால் அது ஈயம். பத்திரிகைக்காரர்களே இதில் சறுக்குவார்கள்.

‘செண்ட்–சென்ட்’, ‘ஸ்பெண்ட்–ஸ்பென்ட்’, ‘லெண்ட்–லென்ட்’, ‘பில்ட்–பில்ட்’ கூட்டத்தில் கடைசி டி என்ற எழுத்து டீ ஆகும், வேறொன்றும் இல்லை. ஆனால் ‘மெண்ட்’ (பழுதுபார்) ‘மெண்டட்’தான்.

‘சிங்–சேங்–சங்’ கூட்டத்தில் எவை எவை வரும்?

இதுதான் அந்தப் பழைய வலிய வினைகளின் நேர் வாரிசு. சிங், சேங், சங். ரிங் (மணியடி), ரேங், ரங். ட்ரிங்க் (குடி), ட்ரேங்க், ட்ரங்க். ஸ்விம் (நீந்து), ஸ்வேம், ஸ்வம். பிகின் (தொடங்கு), பிகேன், பிகன். இங்கே ‘ஏ’ என்று எழுதியிருப்பது ‘ஆப்பிள்’ என்ற சொல்லை ஆங்கிலேயர் தொடங்கும் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லை.

பக்கத்து வீட்டில் இன்னொரு கூட்டம். அதில் நடு வடிவம் கிடையாது, நேராக மூன்றாவதற்குப் போய்விடும். ஸ்டிங் (கொட்டு) ஸ்டங், ஸ்விங் (ஆடு) ஸ்வங், ஸ்டிக் (ஒட்டு) ஸ்டக், ஸ்பின் (சுழல்) ஸ்பன், வின் (வெல்) வன், டிக் (தோண்டு) டக். இதில் ‘டிக்’ தாமதமாக வந்து சேர்ந்தது, கிங் ஜேம்ஸ் பைபிளில் அது இன்னும் ‘டிக்ட்’.

‘திங்க்’ (நினை), ‘பிரிங்’ (கொண்டுவா) இரண்டும் பார்வைக்கு இந்த வீட்டுப் பிள்ளைகள் போல இருக்கும், ஆனால் இல்லை. ‘பிளிங்க்’, ‘விங்க்’ (கண் சிமிட்டு) சாதாரண ஈ-டி.

‘தாட்’, ‘டாட்’, ‘பாட்’, ‘பிராட்’ எல்லாம் குழம்புகிறதே?

குழம்பாதவர் இல்லை. ஒவ்வொன்றாகப் பிடிப்போம். திங்க், தாட். டீச் (கற்பி), டாட். பை (வாங்கு), பாட். பிரிங், பிராட். கேட்ச் (பிடி), காட். ஃபைட் (சண்டையிடு), ஃபாட். ஸீக் (தேடு), ஸாட். முதல் ஒலி மாறவே மாறாது என்பதைப் பிடித்துக்கொண்டால் போதும். ‘பிரிங்’கில் ஒரு ‘ர்’ இருக்கிறது, ‘பிராட்’டிலும் இருக்கும். ‘பை’யில் இல்லை, ‘பாட்’டிலும் இருக்காது. ‘ஐ பிராட் எ நியூ ஃபோன்’ என்றால் புதுப் போனைக் கொண்டுவந்தேன், வாங்கினேன் அல்ல. கடையில் இப்படிச் சொன்னால் எங்கிருந்து கொண்டுவந்தாய் என்றுதான் கேட்பார்கள்.

ஸ்பெல்லிங்குக்கு ஒரு வழி சொல்கிறேன். மூலச் சொல்லில் ஏ எழுத்து இருந்தால் இறந்தகாலத்திலும் ஏ-யூ-ஜி-எச்-டீ. ‘கேட்ச்’சிலும் ‘டீச்’சிலும் ஏ இருக்கிறது. மற்ற ஐந்திலும் ஏ கிடையாது, அவற்றுக்கு ஓ-யூ-ஜி-எச்-டீ. அந்த ஜி-எச் இன்று ஊமை. முன்பு தொண்டையிலிருந்து வரும் ஒரு ‘ஃக்’ ஒலி அங்கே இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதை உச்சரிக்கிறார்கள்: ‘பிராக்ட’ என்றால் கொண்டுவந்தான், ‘டாக்ட’ என்றால் நினைத்தான்.

‘கேட்ச்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வந்த ஊரில் ஈ-டி போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அது போய் இந்தச் சிக்கலான குடும்பத்தில் சம்பந்தம் வைத்துக்கொண்டது.

மற்றக் கூட்டங்கள்?

ஓகாரத்துக்குப் போகிறவை: ஸ்பீக் (பேசு) ஸ்போக், பிரேக் (உடை) பிரோக், டிரைவ் (ஓட்டு) டிரோவ், ரைட் (எழுது) ரோட், செல் (வில்) சோல்ட், டெல் (சொல்) டோல்ட். ஊகாரத்துக்குப் போகிறவை: நோ (அறி) ந்யூ, க்ரோ (வளர்) க்ரூ, த்ரோ (எறி) த்ரூ, ஃபிளை (பற) ஃபிளூ. இதே ஒலியில் முடியும் ‘ஷோ’ (காட்டு), ‘ஃபிளோ’ (பாய்), ‘க்ளோ’ (ஒளிர்) இறந்தகாலத்தில் வெறும் ஈ-டிதான். டேக் (எடு) டுக், ஷேக் (குலுக்கு) ஷுக், ஸ்டேண்ட் (நில்) ஸ்டுட். இவை போக ஸீ (பார்) ஸா, ஈட் (தின்) எய்ட், கிவ் (கொடு) கேவ், ரன் (ஓடு) ரேன் போன்ற தனிக்காட்டு ராஜாக்கள் சில உண்டு. அவற்றைத் தனியாகத்தான் படிக்க வேண்டும், நல்லவேளையாக அவை கொஞ்சம்தான்.

‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பது தவறா?

தவறு. நம்மவர்கள் அதிகமாகச் செய்யும் தவறும் இதுதான். நானும் செய்திருக்கிறேன். முதல் வேலைக்கான நேர்காணலில் சான்றிதழைக் கேட்டார்கள். ‘ஐ டிட் நாட் பிராட், சார்’ என்றேன். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை. ‘யூ டிட்ன்ட் பிரிங் இட்?’ என்று, அந்த ‘பிரிங்’கைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பிக் கேட்டார். நான் விடுவேனா? ‘எஸ் சார், ஐ டிட் நாட் பிராட்’ என்று இன்னும் தெளிவாகச் சொன்னேன்.

‘டிட்’ வந்துவிட்டால் இறந்தகாலச் சுமையை அது ஒன்றே தூக்கிக்கொள்ளும். அடுத்து வரும் வினை மூல வடிவத்தில்தான் இருக்க வேண்டும்: ‘ஐ டிட் நாட் கோ’. தமிழிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ‘போனேன்’ என்பதை எதிர்மறையாக்கினால் என்ன சொல்கிறோம்? ‘போகவில்லை’. ‘போனவில்லை’ என்று யாராவது சொல்கிறார்களா? ‘போக’ என்பதில் காலம் இல்லை. அதே மாதிரி ‘டிட் நாட்’டுக்குப் பிறகு ‘கோ’.

கேள்வி கேட்கும்போதுதான் தமிழ் நம்மைக் காலை வாரிவிடுகிறது. ‘போனாயா?’ என்பதில் வினையே காலத்தைச் சுமக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘டிட் யூ வென்ட்?’ என்கிறோம். ‘டிட் யூ கோ?’ என்பதே சரி. ‘டு’ வந்தாலும் இதே விதி. ‘ஐ வான்டட் டு கோ’ என்றால் போக விரும்பினேன். காலம் விரும்பியதில் இருக்கிறது, போவதில் இல்லை.

‘வி-டூ’, ‘வி-த்ரீ’ என்கிறார்களே, எங்கே எதைப் போடுவது?

தனியாக நிற்பது வி-டூ, அதாவது வினையின் இரண்டாம் வடிவம். ‘ஹேவ்’, ‘ஹேஸ்’, ‘ஹேட்’ துணைக்கு வந்தால் வி-த்ரீ, அதாவது மூன்றாம் வடிவம். ‘ஐ வென்ட்’ போனேன், ‘ஐ ஹேவ் கான்’ போயிருக்கிறேன். தமிழிலும் ‘இருக்கிறேன்’ வந்தால் ‘போனேன்’ என்பது ‘போய்’ என்று உருமாறுகிறது அல்லவா? ‘ஐ ஹேவ் வென்ட்’ என்பது ‘போனேன் இருக்கிறேன்’ என்று சொல்வதற்குச் சமம்.

செயப்பாட்டு வினைக்கும் வி-த்ரீ: ‘தி லெட்டர் வாஸ் ரிட்டன்’, கடிதம் எழுதப்பட்டது. ‘வாஸ் ரோட்’ அல்ல. ‘கம், கேம், கம்’, ‘ரன், ரேன், ரன்’ இரண்டும் சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவதால் ‘ஐ ஹேவ் கேம்’ என்று வாய் தவறுவது சகஜம்.

‘லை’, ‘லே’ வித்தியாசம் என்ன?

ஆங்கிலேயர்களே தடுமாறும் இடம் இது. ஆனால் தன்வினை, பிறவினை படித்த நமக்குச் சுலபம். படகு கவிழ்ந்தது, காற்று கவிழ்த்தது என்கிறோமே, அதே உறவுதான். ‘லை’ என்றால் கிட, ‘லே’ என்றால் கிடத்து. கிடந்தான் என்பதற்கு ‘லே’, கிடத்தினான் என்பதற்கு ‘லெய்ட்’. வம்பு எங்கே என்றால், கிடந்தான் என்பதும் கிடத்து என்பதும் ஒரே ‘லே’ ஆகிவிட்டன. பொய் சொல்லும் ‘லை’ வேறு ஆள், அதற்கு ‘லைட்’, ஈ-டி ரகம். ஒரு பழைய உறவு இன்னும் இருக்கிறது: விழு என்ற ‘ஃபால்’ இறந்தகாலத்தில் ‘ஃபெல்’, மரத்தை வீழ்த்து என்பதற்கும் ‘ஃபெல்’தான், அதன் இறந்தகாலம் ‘ஃபெல்ட்’.

‘லேர்ன்ட்’, ‘லேர்ண்ட்’ எது சரி?

‘லேர்ன்’ (கற்றுக்கொள்) என்பதற்கு இரண்டும் சரி. கடைசியில் டீ போடுவதைப் பிரிட்டனில் அதிகம் பார்க்கலாம், ஈ-டி போடுவதை அமெரிக்காவில். எரி, கனவு காண் என்ற வினைகளுக்கும் இப்படி இரட்டை வடிவம் உண்டு. ஒரு கட்டுரைக்குள் ஒன்றையே பின்பற்றுங்கள். நீருக்குள் பாய்ந்தான் என்பதற்கு அமெரிக்கர்கள் ‘டோவ்’ என்பார்கள், பிரிட்டனில் ‘டைவ்ட்’. ‘கெட்’டின் மூன்றாம் வடிவத்தை அமெரிக்கர்கள் ‘காட்டன்’ என்கிறார்கள், தமிழில் எழுதினால் பருத்தி மாதிரி இருக்கிறது.

சேர்ந்து வரும் வினைகளுக்கு?

உள்ளே இருக்கும் வினை எப்படி மாறுமோ அப்படியே. ‘அண்டர்ஸ்டேண்ட்’ (புரிந்துகொள்) ‘அண்டர்ஸ்டுட்’, ‘ஓவர்கம்’ ‘ஓவர்கேம்’, ‘மிஸ்டேக்’ ‘மிஸ்டுக்’, ‘அண்டர்கோ’ ‘அண்டர்வென்ட்’. ‘வெல்கம்’ (வரவேற்பு) மட்டும் ‘வெல்கம்ட்’. பெயர்ச்சொல்லிலிருந்து பிறந்த வினை ஈ-டிதான் எடுக்கும். மணியடிக்கும் ‘ரிங்’ ‘ரேங்’ ஆனாலும், வளையமாகச் சூழும் ‘ரிங்’ ‘ரிங்ட்’. ‘மீட்’ ‘மெட்’ ஆகிறதே என்று ‘ட்வீட்’டை யாரும் ‘ட்வெட்’ ஆக்கவில்லை, ‘ட்வீட்டட்’தான். எதிர்த்திசையில் போவதும் அபூர்வமாக நடக்கும். பதுங்கிப் போவதைக் குறிக்கும் ‘ஸ்னீக்’ ஒழுங்காக ஈ-டி போட்டுக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதற்கு ‘ஸ்னக்’ என்று ஒரு வடிவம் முளைத்தது, இன்று அகராதிகளில் இருக்கிறது.

என் குழந்தை ‘கோட்’ என்கிறாள், நேற்றுவரை ‘வென்ட்’ என்று சரியாகச் சொன்னாளே?

கவலைப்படாதீர்கள், அது வளர்ச்சி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தைகளும் முதலில் கேட்டதை அப்படியே ‘வென்ட்’ என்பார்கள். பிறகு ஈ-டி விதி பிடிபட்டதும் எல்லாவற்றிலும் அதைப் போட்டு ‘கோட்’, ‘ஈட்டட்’ என்பார்கள். அப்புறம் மெல்ல ‘வென்ட்’டுக்குத் திரும்புவார்கள். 1958இல் ஜீன் பெர்கோ என்ற மொழி ஆய்வாளர் இல்லாத சொற்களை உருவாக்கிக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார். கேட்டே இராத சொல்லுக்கும் அவர்கள் விதிப்படி விகுதி சேர்த்தார்கள். அந்தச் சொற்களில் ‘க்ளிங்’ என்று ஒன்று. அதற்குக் குழந்தைகள் ‘க்ளிங்ட்’ என்றார்கள், பெரியவர்களிலோ பலர் ‘க்ளேங்’ என்றார்கள். ‘சிங்–சேங்’ ராகம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது. மகள் ‘கோட்’ என்றால் திட்ட வேண்டாம். ‘ஓ, யூ வென்ட் தேர்?’ என்று திருப்பிச் சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

ஸ்பெல்லிங்கில் கவனிக்க வேண்டியவை?

சொன்னான், கொடுத்தான் (பணம்), கிடத்தினான் ஆகிய மூன்றும் ஏ-ஐ-டி என்று முடியும். ‘பே’ என்பதில் ஒய் இருக்கிறதே என்று அதோடு ஈ-டி சேர்க்காதீர்கள். ‘செய்’ (சொல்) எழுத்தில் அப்படி மாறினாலும் ஒலியில் ‘செட்’. ‘ரீட்’ (படி) எழுத்தில் மாறவே மாறாது, ஒலி மட்டும் ‘ரெட்’. ‘ஹேங்’ என்பது சட்டையை மாட்டினால் ‘ஹங்’, தூக்குத் தண்டனை என்றால் ‘ஹேங்ட்’.

எப்படிப் பயிற்சி செய்வது?

நேற்றையோ இன்றையோ கதையை எழுதுங்கள், சின்னதாக. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண் என்னிடம் படித்தார். நோட்டு வாங்கவில்லை. வீணான பில் காகிதத்தின் பின்புறத்தில் தினமும் இரவு நாலு வரி எழுதிக்கொண்டு வருவார். முதல் வாரம் எழுதியது என்னிடம் இன்னும் இருக்கிறது: ‘ஐ சோல்ட் ஃபைவ் சாரீஸ். ஐ ஸ்டுட் ஆல் டே. மை லெக்ஸ் ஹர்ட். ஐ காட் தி லாஸ்ட் பஸ்.’ ஐந்து புடவை விற்றேன், நாளெல்லாம் நின்றேன், கால் வலித்தது, கடைசிப் பஸ்ஸைப் பிடித்தேன். நாலு வரி, நாலு ஒழுங்கற்ற வினை, ஒன்றும் தவறில்லை. ‘சார், ஹர்ட்டுக்கு ஈ-டி போடணுமா?’ என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றேன். ‘அப்போ இன்னும் வலிக்குதுன்னுகூட வச்சுக்கலாம்’ என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.